கழனிக் காவல் நாயின் சண்டைக் குணமும் அதனை மாற்றும் முறையும்

உத்திரமேரூர் தாலுகாவில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும், மேட்டுக் கொல்லைகளில் மணிலாவும் பயிரிடும் குடியானவர்களில் நாய் வளர்க்காதவர் சிலரே. அறுவடைக் காலத்தில் களத்து நெல்லையும், மற்றக் காலங்களில் மோட்டார்க் கொட்டகையையும் மாட்டுத் தொழுவத்தையும் நாயே காத்து வருகிறது. மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும் இரவில் முதலிற் குரல் கொடுப்பதும் அதுவே. இவ்வளவு சொற்பச் செலவில் இத்தனை வேலை செய்யும் பிராணி குடியானவருக்கு வேறில்லை.

ஆயினும் இந்நாய்களுட் பல, வீட்டாரிடத்தும் மாடு கன்றுகளிடத்தும் சாதுவாய் இருந்துகொண்டே, வேறொரு நாயைக் கண்டமாத்திரத்தில் அறுத்துக்கொண்டு பாய்கின்றன. இதனை ரோஷமென்று கருதிப் பெருமை பேசுவாரும் உண்டு. பிறவிக் குணமென்று கைவிடுவாரும் உண்டு. இரண்டும் சரியல்ல. நாய்க்கு நாய் காட்டும் சீற்றம் பெரும்பாலும் அச்சத்தினாலும், கட்டுண்டு கிடப்பதினாலும், அடியினாலும் வளர்வது. வளர்ப்பினால் வந்த குணத்தை வளர்ப்பினாலேயே பெரும்பாலும் தணிக்கலாம். அதற்கு வேண்டுவன தூரம், ஆகாரம், பொறுமை என்னும் மூன்றுமே.

சண்டையினால் விளையும் நஷ்டம்

அறுவடை முடிந்த கழனிகளில் எருவுக்காக ஆட்டுக்கிடை கட்டுவது தொன்றுதொட்ட வழக்கம். காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஜில்லாக்களுக்கு உரியதான மெட்ராஸ் சிவப்புச் செம்மறிகளை ஓட்டிவரும் ஆட்டுக்காரர், இராக்காவலுக்குத் தம் நாய்களையும் உடன் கொண்டுவருவார். நிலத்துக்காரரின் நாய் நள்ளிரவில் அவிழ்ந்து சென்று கிடை நாயின்மேற் பாயுமாயின், மந்தை மிரண்டு பட்டியை உடைத்துச் சிதறும், குட்டிகள் மிதிபடும், சினையாடுகள் கருச்சிதைவுறவும் கூடும், சிதறிய ஆடுகள் அயலார் பயிரில் இறங்கும். அடுத்த வருஷம் அக்கழனிக்கு வர ஆட்டுக்காரர் இசையமாட்டார். நாயின் குணத்தால் நிலம் எருவை இழக்கிறது.

இரண்டாவது நஷ்டம் மனிதருக்கு நேர்வது. சண்டையிடும் நாய்களை விலக்கக் கையை நீட்டியவரைச் சொந்த நாயே கடித்துவிடுவது உண்டு. அவ்வேளையில் அது இன்னார் கை என்று பார்ப்பதில்லை. மூன்றாவதும் கொடியதுமானது ரேபிஸ் என்னும் வெறிநோய். ஊர் பேர் தெரியாத நாயுடன் ஒருமுறை கட்டிப்புரண்டாலே, தடுப்பூசி போடாத வீட்டு நாய்க்கு அந்நோய் பற்றிவிடலாம். அதன் வாயிலாக வீட்டுக் குழந்தைகளுக்கும் வரலாம்.

முதலில் ஆராய வேண்டியது நோய்

பழக்கத்தைத் திருத்தப் புகுமுன் உடம்பைப் பரிசோதித்தல் அவசியம். நெடுநாள் சாதுவாயிருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் அதனைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதுக்குள் சீழ், பல்வலி, கால் மூட்டு நோய், ஆறாத புண், உண்ணி மிகுதி ஆகியவற்றால் வேதனைப்படும் நாய், மற்றொரு நாய் நெருங்குவதைப் பொறுக்காது. வலி நீங்கினால் சீற்றமும் குறைவதுண்டு.

காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடித்தல், குரல் மாறுதல், வாயில் எச்சில் ஒழுகுதல், கீழ்த்தாடை தொங்குதல், விழுங்க முடியாமை, நடை தள்ளாடுதல் ஆகிய குறிகளில் எதுவேனும் தோன்றினால் அது பயிற்சிக்குரிய நாயன்று. அருகிற் செல்லாமல் தனியே அடைத்து, உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வெறிநோய்க் குறிகள் வெளிப்பட்ட நாய் சுமார் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். அதற்குச் சிகிச்சை கிடையாது.

செவிப்புலனையும் கவனித்தல் நன்று. தென்ஜில்லாக்களிலிருந்து விரும்பி வாங்கப்படும் வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களுள் சில பிறவியிலேயே காது கேளாதவை. அத்தகைய நாய், பின்புறமாக வரும் நாயை அறியாது. திடீரென்று அருகிற் கண்டு திடுக்கிட்டுக் கடிக்கும். குட்டியின் பின்னால் அதன் பார்வையிற் படாமல் நின்று கைதட்டிப் பார்த்தால் இக்குறை ஒருவாறு புலப்படும். இத்தகைய நாய்க்குக் குரலால் அன்றிக் கைச் சைகையாற் பயிற்சி அளிக்க வேண்டும்.

சண்டைக் குணம் உண்டாகும் காரணங்கள்

முதற் காரணம், குட்டிப் பருவத்தில் பிற நாய்களோடு பழகாமை. அமெரிக்காவின் மெயின் மாகாணத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் பல வருஷங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965ஆம் வருஷத்தில் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையிலுமே குட்டியானது தன் இனத்தோடும் மனிதரோடும் எளிதில் உறவு கொள்ளும் பருவம் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. கண் திறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரித்து, மோட்டார்க் கொட்டகையில் தனியே கட்டி வளர்க்கப்படும் குட்டி இப்பருவத்தை வீணாக இழந்துவிடுகிறது. பெரிதான பின் அதற்கு மற்றொரு நாயின் வாலசைவும் செவியசைவும் பொருள்படுவதில்லை. பொருள்படாததை அது பகையென்றே கொள்கிறது.

இரண்டாவது காரணம் சங்கிலி. கட்டுண்ட நாய் எதிரே வரும் நாயை முகர்ந்து அறியவும் இயலாது, விலகி ஓடவும் இயலாது. நாள்தோறும் வீதியிற் போகும் நாய்களைப் பார்த்துக் குரைத்துச் சங்கிலியை இழுத்துக் களைக்கிறது. வந்த நாய் தன் வழியே போய்விடுகிறது. தன் குரைப்பினாலேயே அது ஓடிற்று என்று கட்டுண்ட நாய் கற்றுக்கொள்கிறது. இவ்வாறு தினம் பத்து முறை பழகிய பாடம் ஒரு வருஷத்தில் உறுதிப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது, முன்னொரு காலத்திற் கடிபட்ட ஞாபகம். நான்காவது, பருவகாலப் போட்டி. பருவமடைந்த பெட்டையைச் சூழ்ந்து கடுவன்கள் திரளும்போது சண்டை மூளுவது இயல்பு. ஐந்தாவது, உடையவரே தூண்டிவிடுதல். வழியிற் போகும் நாயின்மேல் 'சூ' என்று ஏவி வேடிக்கை பார்க்கும் சிறுவர், பின்னர் யாராலும் அடக்க முடியாத நாயை உண்டாக்குகின்றனர்.

ஜாதியை மாத்திரம் பழிப்பது தவறு. ராஜபாளையம், கோம்பை நாய்கள் காவலுக்கும், சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் ஓடித் துரத்துதற்கும் பேர்பெற்றவை. ராஜபாளையம் நாயின் படம் 2005ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் தலையிலும் இடம்பெற்றது. ஆனால் நெடுந்தூரம் ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை ஆறடிச் சங்கிலியில் வருஷமெல்லாம் கட்டிவைத்தால் அது சீறாமல் என்ன செய்யும்? நாட்டு நாயும் அவ்வாறே.

செய்யத் தகாதவை

மற்றொரு நாயைக் கண்டு உறுமும் நாயை அடிப்பது யாவரும் கைக்கொள்ளும் வழக்கம். இதன் பலன் நேர்மாறானது. அந்நாய் வந்தபோதெல்லாம் தனக்கு வலி உண்டாகிறது என்றே அடிபடும் நாய் அறிகிறது. ஆதலின் அடுத்தமுறை முன்னிலும் முந்திப் பாய்கிறது. அன்றியும் உறுமுதல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக அடிபட்ட நாய், உறுமுவதை விட்டு, எச்சரிக்கையின்றியே கடிக்கப் பழகும்.

இரண்டு நாய்களையும் ஒரே கொட்டகையில் அடைத்து, தாமே சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதும் தகாது. தோற்ற நாய்க்கு அச்சமும் வென்ற நாய்க்குத் துணிவும் மிகும். இரண்டும் அடுத்த சண்டைக்கே வித்து. ஆகாரத்தைக் குறைத்து மெலியச் செய்தலும், கழுத்தை இறுக்கும் முட்சங்கிலி பூட்டுதலும் இவ்வகையினவே.

பயிற்சிக்கு முன் செய்யும் ஏற்பாடு

பயிற்சி பலிக்கும் வரையில் மேலும் ஒரு சண்டை நேராதபடி தடுத்தல் முதல் வேலை. சண்டை ஒவ்வொன்றும் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

வீதியை நோக்கிய பக்கத்தில் ஓர் ஆள் உயரத்திற்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, போகிற நாய்கள் கண்ணிற் படாமல் மறைக்க வேண்டும். இச்சிறு செலவிலேயே நாளெல்லாம் குரைக்கும் வழக்கம் பாதி அடங்கும். கூடியவரை வேலியடைத்த இடத்தில் நாயை அவிழ்த்து விடுதல் நலம். வேலிக்கு வசதியில்லாதவர், இரண்டு மரங்களுக்கு இடையே தலைக்குமேல் உறுதியான கம்பி இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டலாம். இதனால் நாய்க்கு நடமாட இடம் உண்டாகும். சங்கிலி மரத்திற் சுற்றிக்கொள்ளாதபடி கம்பியின் இரு முனையிலும் முடிச்சோ கட்டையோ வைத்தல் வேண்டும். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதிகாலையிலும் மாலையிலும் அரைமணி நேரமேனும் நாயை நடத்திக் கொண்டுபோவது மிக முக்கியம்.

கழுத்தில் அகலமான பட்டையோ, அதனினும் சிறந்ததாக மார்பைச் சுற்றிய பட்டையோ அணிவித்து, ஆறடி நீளமுள்ள உறுதியான கயிற்றிற் பிடிக்க வேண்டும். முன்பே கடித்த நாய்க்கு வாய்க்கூடு தேவை. வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டை ஆகாது. நாய் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடைபோன்ற அமைப்பே தக்கது. அதனைத் திடீரென்று மாட்டாமல், சில நாட்கள் அதனுள் ஆகாரம் வைத்து நாய் தானே மூக்கை நுழைக்கும்படி பழக்க வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயைப் பயிற்சிக்குக் கொண்டுவரலாகாது. குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் மறு ஊசியும், அதன்பின் வருஷந்தோறும் ஓர் ஊசியும் போட வேண்டும். கடுவனுக்குக் கருத்தடை செய்தால், பெட்டை காரணமாக உண்டாகும் சுற்றித்திரிதலும் போட்டியும் குறையும். ஆனால் அச்சத்தினாற் சீறும் நாய்க்கு அதுவொன்றே மருந்தாகாது.

பயிற்சியின் தத்துவம்

கறவை மாடு பாற்செம்பின் ஓசை கேட்டதும் மடி சுரப்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். செம்போசைக்கும் மடிக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் இல்லை. தினந்தோறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமையால் சம்பந்தம் உண்டாயிற்று. ஜீரண உறுப்புக்களின் ஆராய்ச்சிக்காக 1904ஆம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்ற ருஷிய சாஸ்திரி இவான் பாவ்லோவ், ஆகாரத்திற்கு முன் எப்போதும் ஓர் ஓசையைக் கேட்பித்துவந்தால், பின்னர் அவ்வோசை ஒன்றாலேயே நாயின் வாயில் நீர் ஊறும் என்று நிரூபித்தார்.

பயிற்சியின் அடிப்படை இதுவே. மற்றொரு நாயைக் கண்டால் வலியும் பயமும் வரும் என்று கற்ற நாய்க்கு, மற்றொரு நாயைக் கண்டால் ருசியான ஆகாரம் வரும் என்று கற்பிக்க வேண்டும். வரிசை முறை தவறலாகாது. முதலில் அந்நாய் கண்ணிற் பட வேண்டும். பிறகே ஆகாரம் கையிலிருந்து வரவேண்டும். அந்நாய் மறைந்ததும் ஆகாரமும் நிற்க வேண்டும். ஆகாரத்தைக் காட்டிக்கொண்டே நாயை அருகில் இழுத்துப் போவது இம்முறைக்கு முற்றிலும் விரோதம்.

பயிற்சி முறை

முதற்படி: பிற நாய்கள் வராத அமைதியான இடத்தில், பேரைச் சொல்லி அழைத்ததும் நாய் திரும்பி முகத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். பார்த்த அந்தக் கணத்திலேயே ஒரு துணுக்கு ஆகாரம் கொடுக்க வேண்டும். அவித்த முட்டை, வேகவைத்த கோழி ஈரல், எலும்பில்லாத இறைச்சி ஆகியவை ஏற்றவை. துணுக்கு கொண்டைக்கடலை அளவு போதும். அந்த அளவை அன்றாடச் சோற்றிற் குறைத்துக்கொள்ளலாம். தினம் இருமுறை, முறைக்கு ஐந்து நிமிஷம் வீதம் ஒரு வாரம் செய்தால் பெரும்பாலான நாய்கள் பழகும்.

இரண்டாம் படி: தூரம் அறிதல். சாதுவானதும் தடுப்பூசி போட்டதுமான மற்றொரு நாயை வேறொருவர் கயிற்றிற் பிடித்து வெகுதூரத்தில் நிற்க வேண்டும். நாம் திருத்த விரும்பும் நாய் அதனைக் கண்டும், கொடுத்த ஆகாரத்தைத் தின்னக்கூடிய தூரம் எது என்று பார்க்க வேண்டும். உடல் விறைத்தல், வால் நிமிர்ந்து அசையாதிருத்தல், முதுகு மயிர் சிலிர்த்தல், கண் இமையாமல் நோக்குதல், ஆகாரத்தை மறுத்தல் ஆகியவை தூரம் போதாது என்பதன் அடையாளங்கள். வாலை ஒடுக்குதல், செவியைப் பின்னுக்கு மடித்தல், அடிக்கடி உதட்டை நக்குதல் ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். இவற்றுள் எது தோன்றினும் பின்வாங்க வேண்டும். அறுவடையான கழனி வெளியும் ஏரிக்கரையும் தடையில்லாத பார்வை உடையனவாதலால் இப்பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை.

மூன்றாம் படி: அத்தூரத்தில் நின்றபடியே, அந்நாய் புலப்பட்டதும் துணுக்குத் துணுக்காக ஆகாரம் கொடுத்தலும், அது ஒரு மறைவுக்குப் பின் சென்றதும் நிறுத்தலுமாகச் செய்ய வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிஷங்களே போதுமானவை. சில நாட்களில், தூரத்து நாயைக் கண்டதும் நாய் தானாகவே திரும்பி உடையவர் முகத்தைப் பார்க்கும். பாடம் மனத்திற் படிந்தது என்பதற்கு இதுவே அறிகுறி. அதன்பின் ஐந்து கஜம் மாத்திரம் நெருங்கலாம்.

நான்காம் படி: இணை நடை. வாய்க்காலின் இரு கரைகளிலும் இரண்டு நாய்களையும் ஒரே திசையில் நடத்திச் செல்ல வேண்டும். எதிரெதிராக முகம் பார்த்து வருவது நாய்களுக்குள் போர் அறைகூவல் போன்றது. ஒரே திசையிற் செல்வது கூட்டாளிகளின் நடை. கயிறு தளர்ந்திருத்தல் அவசியம். கயிற்றை இறுக்கினால் உடையவரின் பதற்றத்தை நாய் உடனே உணரும்.

ஐந்தாம் படி: பல நாட்கள் இவ்வாறு நடந்தும் விறைப்புத் தோன்றாவிடில், வளைந்து நெருங்கி, ஒன்றன் பக்கவாட்டை மற்றொன்று மூன்று எண்ணும் நேரம் முகர விட்டு, உடனே பேர் சொல்லி அழைத்துக்கொள்ளலாம். இரண்டும் நெருங்கியிருக்கையில் நடுவில் ஆகாரம் போடலாகாது. ஆகாரமே சண்டைக்குக் காரணமாகும். அவரவர் நாய்க்கு அவரவர் விலகி நின்று கொடுக்க வேண்டும்.

எல்லா நாய்களும் ஐந்தாம் படியை எட்டுவதில்லை. மற்றொரு நாய் பத்து கஜத்திற் போகும்போது பாயாமல் கடந்துசெல்லும் நாய், குடியானவருக்கு வேண்டிய அளவு திருந்தியதாகவே கொள்ளலாம். அதனை எல்லா நாய்களோடும் கூடி விளையாடும்படி வற்புறுத்த வேண்டுவதில்லை.

குறிப்பேடு

தேதி, தூரம், எதிர்நாய், நாயின் நடத்தை ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருதல் நலம். உதாரணமாக, ஒரு நாய் முதல் நாள் 60 கஜத்தில் ஆகாரம் தின்றது, 50 கஜத்தில் மறுத்தது என்று கொள்க. பயிற்சி 60 கஜத்திலேயே தொடங்க வேண்டும். இரண்டாவது வாரம் 45 கஜத்தில் அமைதியாயிருந்து, மூன்றாவது வாரம் 40 கஜத்தில் குரைத்துப் பாய்ந்ததாயின், அது தோல்வியன்று. அன்றைய தூரம் தவறு என்பதே பொருள். அன்று நிறுத்தி, மறுநாள் 50 கஜத்திலிருந்து மீண்டும் வரவேண்டும். எதிர்நாயை மாற்றும்போதும் தூரத்தை அதிகப்படுத்திக்கொள்ள வேண்டும். சில நாய்கள் ஆறு வாரத்தில் தேறும். நெடுநாள் சண்டையிற் பழகியவைக்கு ஆறு மாதமும் ஆகலாம்.

பயிற்சியின்போது தெருநாய் ஏதேனும் ஓடிவந்தால், நின்று பார்க்காமல் உடனே திரும்பி நடக்க வேண்டும். துணைக்கு வந்தவர் இடையில் நின்று தெருநாயைத் தடுக்க வேண்டும். ஆதலால் பயிற்சிக்கு எப்போதும் இருவர் செல்வது உத்தமம்.

காவல் குறையுமோ என்னும் ஐயம்

நாய் சாதுவானால் களத்துக் காவல் போய்விடுமே என்று அஞ்சுவோர் உண்டு. இவ்வச்சம் தேவையற்றது. இரவில் அந்நிய மனிதரைக் கண்டு குரைக்கும் குணத்தை இப்பயிற்சி தொடுவதேயில்லை. மாறாக, எந்த நாயைக் கண்டாலும் துரத்திக்கொண்டு ஓடும் நாய் களத்தை விட்டு அரை மைல் போய்விடும். அவ்வேளையில் நெல்லுக்குக் காவல் யார்? தன் இடத்தில் நின்று குரல் கொடுத்து, அழைத்தால் திரும்பும் நாயே காவலுக்கு உதவுவது.

சண்டை மூண்டுவிட்டால்

கையையோ காலையோ இடையில் நீட்டலாகாது. குடம் தண்ணீரை முகங்களின்மேல் வீசுதல், கனத்த சாக்கை மேலே எறிதல், தகரத்தைத் தட்டிப் பேரோசை செய்தல், பலகையை இடையிற் செருகுதல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முயல வேண்டும். பிரிந்ததும் ஒன்றையொன்று காணாதபடி தனித்தனியே அடைத்து, காயங்களை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதிர்நாய் அறியப்படாததாயின் தடுப்பூசி போட்ட நாய்க்கும் மறு ஊசி தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். காயத்தைத் தொடுகையில் கையுறை அணிந்து, பின் சோப்பினாற் கைகழுவ வேண்டும்.

மனிதர் எவரேனும் கடிபட்டால், ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் காயத்தைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தடவலாகாது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாதிருப்போர் இன்னும் உள்ளனர். அப்பழைய நரம்புத் திசு மருந்து இந்தியாவில் 2004ஆம் வருஷத்தோடு நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது கையில் இடும் சில ஊசிகளே. இரத்தம் கசியும் கடியாயின், காயத்தைச் சுற்றி இடும் எதிர்ப்பு மருந்தும் அவசியம்.

குட்டி வளர்ப்போர் கவனிக்க

வந்த குணத்தை மாற்றுவதினும் வராமற் காப்பது எளிது. எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கொண்டுவந்த பின், தடுப்பூசி போட்டதும் சாதுவானதுமான இரண்டொரு பெரிய நாய்களோடு வீட்டு முற்றத்திலேயே தினம் சிறிது நேரம் பழக விடவேண்டும். ஊசிகள் முடியும் வரையில் தெருவில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிச் சென்று மாடு, ஆடு, வண்டி, அந்நிய மனிதர் ஆகிய யாவற்றையும் காட்டிவரலாம். இந்தச் சில வாரங்களின் உழைப்பு, பின்னர் பல மாதப் பயிற்சியை மிச்சப்படுத்தும்.

கிராம அதிகாரிகளின் பங்கு

1960ஆம் வருஷத்திய பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, பிராணியை நியாயமற்ற அளவு குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடமாட விடாமலிருப்பதும் குற்றங்கள். தன் பிராணியால் மனிதர் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேராதபடி தக்க ஜாக்கிரதை எடுக்காதவருக்கு, 2023ஆம் வருஷத்திய பாரதிய நியாய சங்கிதையின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இவ்விரண்டையும் கிராமத்தார்க்கு எடுத்துரைத்தல் அதிகாரிகளின் கடமை.

சண்டை நாய்ப் பிரச்சினை ஒரு வீட்டோடு நிற்பதன்று. உடையவர் தம் நாயைத் திருத்தியும், ஊரில் ஊசி போடாத நாய்கள் திரிந்தால் பயனில்லை. உத்திரமேரூரிலேயே முதற் பராந்தக சோழர் காலத்தில், 919, 921ஆம் வருஷங்களுக்குரிய கல்வெட்டுக்கள் ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையைக் கூறுகின்றன. பொதுக் காரியத்தைப் பொதுவில் நடத்துவது இவ்வூருக்குப் புதிதன்று. பாஸ்டர் முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பு மருந்தைப் பிரயோகித்த 1885ஆம் வருஷம் ஜூலை 6ஆம் தேதியை முன்னிட்டு, ஒவ்வொரு வருஷமும் அந்நாள் விலங்குவழி நோய்கள் தினமாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளையொட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறையாரை அழைத்து, ஊர் நாய்கள் யாவற்றிற்கும் ஊசி போடும் முகாம் நடத்தப் பஞ்சாயத்து முன்வரலாம். தெருநாய்களின் கருத்தடையும் 2023ஆம் வருஷத்திய விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பே.

தொடங்கத் தக்க காலம்

நவரை அறுவடை முடிந்து கழனிகள் வெறுமையாய்க் கிடக்கும் வேனிற் காலமே பயிற்சி தொடங்கத் தக்கது. வேலை ஓய்வும் வெட்டவெளியும் அப்போது உண்டு. வெயிலுக்கு முன் அதிகாலையிலும், வெயில் தாழ்ந்த பின் மாலையிலும் செய்ய வேண்டும். ஆட்டுக்கிடை வருவதற்கு முன்பே நாய் மூன்றாம் படியையேனும் கடந்திருப்பின் கிடைக்கும் கழனிக்கும் இடையூறு நேராது. அதுவரையில் கிடை கட்டிய இரவுகளில் நாயை உறுதியான கொட்டகையில் அடைத்து வைப்பதே விவேகம். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் சிறிதும் மாறுதல் காணாதவர், குறிப்பேட்டுடன் நாயை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசென்று யோசனை கேட்பது நலம்.